மன்னிக்கோணும் எண்டு தெரியும், ஆனா எப்பிடி மன்னிக்கிறது?

மன்னிக்கோணும் எண்டு பிரசங்கத்தில சொல்லுவினம், ஜெபக்கூட்டத்தில சொல்லுவினம், செத்த வீட்டில பக்கத்து கதிரையில இருக்கிற ஆன்ரி கூட கையைப் பிடிச்சு "விட்டுக்குடு பிள்ள" எண்டு சொல்லுவா. சரி எப்பிடி விடுறது எண்டு திருப்பிக் கேட்டா ஜெபம் பண்ணுங்கோ எண்டதோட கதை முடிஞ்சிடும். ஜெபம் வேணும்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அண்ணன் கனடாவில இருந்துகொண்டு அற்றோணித் தத்துவத்தை வச்சு அம்மான்ர காணியை வித்துப்போட்டான், சீட்டு பிடிச்ச அக்கா மூண்டு லட்சத்தோட வீடு மாறிப் போயிட்டா, மாமியார் இருவது வருஷத்துக்கு முதல் சீதனம் பத்தி சபையில வச்சு சொன்ன ஒரு வசனம் இண்டைக்கும் காதுக்க கேக்குது, இப்பிடி உள்ளவங்களுக்கு என்னத்தை எந்த ஓடர்ல செய்யிறது எண்டு சொல்ல ஆள் வேணும். எங்கட வீட்டில அம்மா பக்கம் மெதடிஸ்த, அப்பா பக்கம் கத்தோலிக்கம், அதால ரெண்டு பக்கத்து பழக்கமும் இதில கலந்து வரும், உங்களுக்கு எது சரியோ அதை எடுங்கோ.

முதல் விஷயம், எடுத்த எடுப்பில பெரிய ஆளில கை வைக்காதேங்கோ. வாழ்க்கையையே குழப்பினவரை முதல் நாளே மன்னிக்கப் போனா ரெண்டு நாள்ல களைச்சு "எனக்கு விசுவாசம் காணாது" எண்டு உங்களையே திட்டத் தொடங்குவீங்கள். சின்ன ஒண்டு எடுங்கோ. கலியாண வீட்டுக்கு கார்ட் தராத சித்தி, ஒஃபிஸ்ல உங்கட வேலையை தன்ர வேலை எண்டு காட்டின ஆள், அந்த சைஸ். அதில பழகினாப் பிறகு பெரிசுக்கு போகலாம்.

இப்ப ஒரு கொப்பி எடுங்கோ. போன்ல எழுத வேணாம், வீட்டில பிள்ளையள் போனை எடுக்கும், அதோட போன்ல எழுதினா கை தானா வட்ஸ்அப்புக்கு போய் அந்தாளுக்கே அனுப்பிப்போடும். கொப்பியில என்ன நடந்தது எண்டு விபரமா எழுதுங்கோ. "அவர் என்னை நோகடிச்சவர்" எண்டு எழுதினா காணாது. எந்த வருஷம், யார் யார் இருந்தவை, என்ன சொன்னவர், அதால உங்களுக்கு என்ன போச்சு, காசா, பேரா, நித்திரையா, அம்மாவோட கடைசியா இருந்திருக்க வேண்டிய நாளா, எல்லாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் எண்ட அமெரிக்க உளவியல்காரர் 1986ல வெளியிட்ட ஆய்வு ஒண்டில மாணவர்களை 4 நாள், நாளைக்கு 15 நிமிஷம், மனசை பாதிச்ச சம்பவத்தை எழுத வச்சவர். எழுதின உடன மனம் இன்னும் கனத்துதான் போச்சு, ஆனா நடந்ததையும் அதில தாங்கள் பட்டதையும் சேத்து எழுதினவை பிறகு வந்த மாசங்களில டொக்டரிட்ட போனது குறைவு. அதால எழுதி முடிய அழுகை வந்தா, கோவம் கூடினா, பிழையா செய்யிறன் எண்டு நினைக்க வேணாம், முதல் ரெண்டு நாள் அப்பிடித்தான் இருக்கும்.

எழுத இடம் இல்ல எண்டு சொல்லுவீங்கள், தெரியும், வெள்ளவத்தையில ரெண்டு அறை அனெக்ஸ்ல அஞ்சு பேர் இருந்தா பாத்ரூம்ல மட்டும்தான் தனிமை. கிழமை நாள்ல மத்தியானம் ஏதாவது சேர்ச்சுக்கு போய்ப் பாருங்கோ, கொட்டாஞ்சேனை சென் லூசியாஸ் மாதிரி பெரிய கோயில்ல ஒரு மூலை வாங்கில இருந்தா ஒருத்தரும் வந்து என்ன எழுதுறீங்கள் எண்டு கேக்க மாட்டினம். பின்னேரம் ரயில் பாதைக்கு அங்கால கடற்கரை கல்லுகளும் நல்லம், வெயில் தாழ்ந்தாப் பிறகு.

எழுதினதை கடவுளிட்ட வாசிச்சுக் காட்டுங்கோ, சத்தமா. இது கனபேருக்கு பயம், கடவுளுக்கு முன்னால இப்பிடி கதைக்கலாமோ எண்டு. சங்கீதம் 109ஐ திறந்து பாருங்கோ, "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்" எண்டு இருக்கு, அது வேதத்துக்குள்ளதான் இருக்கு, ஒருத்தரும் வெட்டி எடுக்கேல்ல. சங்கீதம் 55 எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனெண்டா அதில வாற எதிரி வெளி ஆள் இல்ல, சேர்ந்து ஆலயத்துக்கு போன சிநேகிதன், "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" எண்டு அதில ஒரு மனுஷன் அழுறான். எங்கட சனத்தின்ர காயம் முக்காவாசி இந்த வகைதானே. அந்த சங்கீதத்தில "அவன்" எண்டு வாற இடத்தில உங்கட ஆளின்ர பேரை போட்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. அழகான ஜெபம் வேணாம், உண்மையான ஜெபம் காணும்.

அடுத்தது மத்தேயு 18. பேதுரு எத்தினை தரம் மன்னிக்கிறது, ஏழு தரமோ எண்டு கேக்க, ஏழெழுபது தரம் எண்டு இயேசு சொல்லிப்போட்டு ஒரு கதை சொல்லுவார், ராசாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன், அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட இன்னொரு ஊழியன். பிரசங்கத்தில இந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத்தொகை எண்டு சொல்லிட்டு போயிடுவினம். அங்கதான் எனக்கு ஏறாது. அந்தக் காலத்தில ஒரு வெள்ளிப்பணம் எண்டா கூலியாளின்ர ஒரு நாள் சம்பளம், மத்தேயு 20ல திராட்சைத் தோட்ட கதையில தோட்ட முதலாளி அதே கூலிதான் பேசுறார். அப்ப நூறு நாள் கூலி. இஞ்ச ஒரு நாளைக்கு மூவாயிரம் எண்டு வச்சா மூண்டு லட்சம், அந்த சீட்டு அக்கா கொண்டு போன காசு! ஆருக்கு அது அற்பம்? ஆக இயேசு உங்கட நட்டத்தை சின்னது எண்டு சொல்லேல்ல. ஆனா மற்றப்பக்கம் பாருங்கோ, ஒரு தாலந்து எண்டா கிட்டத்தட்ட 6,000 வெள்ளிப்பணம், பதினாயிரம் தாலந்து எண்டா 6 கோடி நாள் கூலி, எத்தினை தலைமுறை உழைச்சாலும் கட்டேலாது. கொப்பியில இடப்பக்கம் உங்களுக்கு மற்றவர் செய்ததை எழுதியிருக்கிறீங்கள்தானே, வலப்பக்கத்தில கடவுள் உங்களுக்கு விட்டுத்தந்தது என்ன எண்டு எழுதுங்கோ, அதையும் விபரமா, பேர் வருஷத்தோட. ஒருத்தருக்கும் காட்டாத பக்கம் இது. இதை எழுதாம மன்னிக்கப் போனா "நான் நல்லவன், பாவம் அவனை விட்டுவிடுறன்" எண்டு ஒரு பெருமையில போய் நிக்கும், அது அஞ்சு நாள் தாங்காது.

சரி இப்ப முடிவெடுக்கிறது. மன்னிப்பு எண்டது ரெண்டு பகுதி. ஒண்டு முடிவு, மற்றது உணர்வு. எவரெட் வொர்திங்டன் எண்டு மன்னிப்பையே ஆராய்ச்சி செய்த கிறிஸ்தவ உளவியல் பேராசிரியர் ஒருத்தர் இருக்கிறார், இந்த ரெண்டையும் பிரிச்சு காட்டினதில அவருக்கு பெரிய பங்கு இருக்கு. 1996 புதுவருஷ நேரம் அவற்ற அம்மாவை வீட்டுக்க களவெடுக்க வந்தவன் கொலை செய்தவன், அதுக்கு முதலே மன்னிப்பை பத்தி எழுதிக்கொண்டிருந்த மனுஷன், தான் எழுதினதை தானே செய்து பாக்க வேண்டி வந்திட்டு. முடிவு ஒரு நாள்ல எடுக்கலாம், உணர்வு தன்ர பாட்டில பின்னால வரும், சிலநேரம் வருஷக்கணக்கில பிந்தி வரும். ரெண்டையும் ஒண்டா நினைக்கிறதாலதான் கனபேர் "மனசில இன்னும் கோவம் இருக்கு, அப்ப நான் மன்னிக்கேல்ல போல" எண்டு குழம்புறவை.

முடிவுக்கு வார்த்தை வேணும். வாயால சொல்லுங்கோ, இப்பிடி ஏதாவது: "ஆண்டவரே, அண்ணா காணி விஷயத்தில எனக்கு செய்தது அநியாயம். நான் அவரை மன்னிக்க முடிவெடுக்கிறன். இதுக்கு நான் பழி வாங்க மாட்டன், குடும்பத்துக்க சொல்லிச் சொல்லி அவரை நாறடிக்க மாட்டன், அவரை உம்மட கையில விடுறன். எனக்கு விருப்பம் இல்ல, அந்த விருப்பத்தையும் நீர்தான் தரோணும்." கடைசி வசனத்தை விட்டுடாதேங்கோ. கொரி டென் பூம் எண்ட டச்சு பொம்பிளை, யூத ஆக்களை வீட்டில ஒளிச்சு வச்சதுக்காக நாசிக்காரர் பிடிச்சு ராவன்ஸ்புரூக் முகாம்ல போட்டவங்கள், தங்கச்சியும் அக்காவுமா போனவை, அக்கா பெற்சி அங்கயே செத்துப்போனா. 1947ல மியூனிக்ல மன்னிப்பை பத்தி பேசி முடிய அதே முகாம்ல காவலுக்கு நிண்ட ஒருத்தன் வந்து மன்னிப்பு கேட்டு கையை நீட்டுறான், இவவுக்கு கை எழும்பேல்ல. இயேசுவே கையை மட்டும் என்னால தூக்க ஏலும், மிச்சத்தை நீர் தாரும் எண்டு கேட்டுத்தான் கையை குடுத்தவ. அதுக்குப் பிறகும் பழகின கிறிஸ்தவ ஆக்கள் செய்த ஒரு விஷயத்தில நித்திரை இல்லாம கஷ்டப்பட்டதா அவவே எழுதியிருக்கிறா, அதைக் கேட்டா எங்களுக்கு கொஞ்சம் ஆறுதலா இல்லையா?

முடிவெடுத்த திகதியை கொப்பியில போடுங்கோ. பிறகு தேவைப்படும்.

இப்ப எல்லாரும் தடுக்குப்படுற இடத்துக்கு வாறன். மன்னிச்சா பழையபடி எல்லாம் இருக்கோணும், வழக்கை வாபஸ் வாங்கோணும், திரும்ப கடன் குடுக்கோணும் எண்டு ஒரு நினைப்பு இருக்கு, சிலநேரம் சபையில பெரியாக்களே அப்பிடி அமத்துவினம். அது பிழை. யோசேப்பை பாருங்கோ, தன்னை அடிமையா வித்த அண்ணன்மார் எகிப்துக்கு தானியம் வாங்க வந்த உடன "நான்தான் உங்கட தம்பி" எண்டு கட்டிப்பிடிக்கேல்ல, ஆதியாகமம் 42ல இருந்து 44 மட்டும் அவங்கள் மாறியிருக்கிறாங்களோ எண்டு சோதிக்கிறார், கடைசித் தம்பி பென்யமீனை விட்டுட்டு ஓடுறாங்களோ எண்டு பாக்கிறார், யூதா தம்பிக்கு பதிலா நான் அடிமையா இருக்கிறன் எண்டு சொன்னாப் பிறகுதான் 45ல அழுது தன்னை காட்டுறார். பவுலும் கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமை செய்தான், கர்த்தர் பாத்துக்கொள்ளுவார் எண்டு சொல்லிட்டு அடுத்த வசனத்திலயே தீமோத்தேயுவுக்கு "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" எண்டு எழுதுறார். சீட்டு அக்காவை மன்னிக்கலாம், அடுத்த சீட்டில சேர வேணாம். காணிக்கு வழக்கு போடலாம், போட்டுக்கொண்டே அண்ணனை மன்னிக்கலாம், ரெண்டும் ஒரே நாள்ல கூட நடக்கலாம்.

கொழும்பில இருக்கிற எங்களுக்கு இதுக்கு தூரத்தில உதாரணம் தேட தேவையில்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, ஹோட்டல்கள் எண்டு தற்கொலைக் குண்டு வெடிச்சு 250 பேருக்கு மேல செத்தவை, சீயோன்ல ஞாயிறு பாடசாலை பிள்ளையள். அடுத்த வருஷம் கொரோனா ஊரடங்குக்க டிவியில காட்டின ஈஸ்டர் பூசையில கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை குண்டு வச்சவங்களை நாங்கள் மன்னிச்சிட்டம் எண்டு சொன்னவர். அதே ஆண்டகைதான் அதுக்குப் பிறகு வருஷம் வருஷமா உண்மையை சொல்லுங்கோ, பொறுப்பானவங்களை கொண்டு வாங்கோ எண்டு விடாம கேட்டுக்கொண்டிருக்கிறவர். 2023 ஜனவரி 12ல உயர் நீதிமன்றம் தாக்குதலை தடுக்கத் தவறினதுக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன்ர சொந்தக் காசில 10 கோடி ரூபா நட்டஈடு கட்டோணும் எண்டு தீர்ப்பு சொன்னது. மன்னிச்சா ஏன் வழக்கு எண்டு கேக்கிறவைக்கு நான் இதைத்தான் காட்டுவன்.

இன்னும் ஒண்டு, இதை மெதுவா சொல்ல ஏலாது. வீட்டில அடிக்கிற புருஷனை மன்னிச்சு திரும்பிப் போ எண்டு ஒரு பொம்பிளைக்கு சொல்லுற பாஸ்டர், பாதர், மாமி ஆரா இருந்தாலும் அந்த சொல்லை கேக்க வேணாம். முதல்ல பாதுகாப்பான இடத்துக்கு போங்கோ. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், பிள்ளைக்கு நடக்குது எண்டா 1929. மன்னிப்பை பத்தி வெளியில நிண்டு ஆறுதலா யோசிக்கலாம்.

மன்னிச்சதை அந்தாளுக்கு சொல்லோணுமா? அவர் கேக்காத வரைக்கும் அனேகமா வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில "நான் உங்களை மன்னிச்சிட்டன், காட் பிளஸ்" எண்டு அனுப்பினா அவர் அதை குத்தலாத்தான் எடுப்பார், நேர்மையா பாத்தா பாதி குத்தல்தான் அது. உறவை திருத்த விருப்பம் எண்டா மத்தேயு 18:15 சொல்லுற மாதிரி தனிய போய் கதையுங்கோ, குடும்ப குரூப்பில இல்ல. அதுக்கும் துணிவு இல்ல எண்டா எங்கட பழக்கத்தில ஒரு வழி இருக்கு, நல்லது கெட்டதுக்கு போறது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில செத்த வீடு எண்டா போய் ஒரு பத்து நிமிஷம் இருந்திட்டு வாங்கோ, பிள்ளைக்கு ஓஎல் ரிசல்ட் வந்தா ஒரு கோல் எடுங்கோ. ஒருத்தரும் பழசை கிளற மாட்டினம், கதவு மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். பிழை உங்கட பக்கம் எண்டா மட்டும் கதை வேற, மத்தேயு 5ல காணிக்கையை பீடத்துக்கு முன்னால வச்சிட்டு முதல் போய் ஒப்புரவாகு எண்டு இருக்கு, அங்க "ஆனா நீயும்தான்" எண்டு ஒரு சொல் கூட சேக்காம மன்னிப்பு கேளுங்கோ.

கோவம் திரும்ப வரும். 100 பஸ்ல கொள்ளுப்பிட்டி ட்ரஃபிக்ல நிக்கேக்க ஒரு காரணமும் இல்லாம வரும், கலியாண வீட்டு அல்பத்தை திறந்தா வரும். வந்த உடன கொப்பியில போட்ட திகதியை நினைச்சு "இது முடிவெடுத்த விஷயம்" எண்டு ஒருக்கா மனசுக்க சொல்லிட்டு அந்தாளுக்காக ஒரு சின்ன ஜெபம். பெரிசா ஆசீர்வாதம் எல்லாம் வராது, பொய்யா இருக்கும், அதால சாதாரணமா ஒண்டு கேளுங்கோ, அவருக்கு சுகர் குறையட்டும், மகளுக்கு வேலை கிடைக்கட்டும், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு போறவை எண்டா அவற்ற பேரில ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ, பக்கத்தில சிங்கள அம்மா ஒருத்தரோ பொட்டு வச்ச அக்கா ஒருத்தரோ தங்கட பாரத்தோட நிப்பினம். ஏழெழுபது எண்டது வேற வேற பிழைக்கு மட்டும் இல்ல, ஒரே பிழையை திரும்ப திரும்ப மன்னிக்கவும் அந்த கணக்கு தேவைப்படுது எண்டு நான் நினைக்கிறன்.

ஒருத்தரிட்ட சொல்லிப் பாரம் இறக்கிறது பெரிய உதவி, யாக்கோபு 5:16ல அதுதான் இருக்கு. கத்தோலிக்கர் எண்டா பாவசங்கீர்த்தனம் இருக்கு, அங்க சொன்னது பாதருக்கு வெளியில சொல்லவே ஏலாது, கோவத்தையும் வன்மத்தையும் அப்பிடியே சொல்லுங்கோ. மற்ற சபைக்காரர் ஆளைப் பாத்து தெரிவு செய்யுங்கோ, ஜெப விண்ணப்பம் எண்டு சொல்லி ஞாயிறு பின்னேரத்துக்குள்ள தெஹிவளை மட்டும் நியூஸ் போற இடங்களும் இருக்கு.

செத்துப்போன ஆளை மன்னிக்கிறதுதான் கனபேருக்கு கஷ்டம், கேக்கவும் ஏலாது, சண்டை பிடிக்கவும் ஏலாது. குடிச்சு குடும்பத்தை அழிச்ச அப்பா மாதிரி. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, நல்ல ஞாபகம் ஒண்டு இருந்தா அதையும் சேத்து. நவம்பர் 2 ஆத்துமாக்கள் திருநாள்ல கனத்தைக்கோ மாதம்பிட்டிக்கோ போறீங்கள்தானே, அண்டைக்கு கல்லறையில வாசிச்சிட்டு கிழிச்சுப்போடலாம். அழுதா அழட்டும்.

இவ்வளவும் செய்தும் நித்திரை வரேல்ல, சாப்பிட ஏலேல்ல, செத்தா நல்லம் எண்ட யோசனை வருது எண்டா அது விசுவாசக் குறைவு இல்ல, உடம்புக்கும் மனசுக்கும் வைத்தியம் தேவைப்படுது. தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கு, கொழும்பு 7ல சுமித்திரயோ எண்ட அமைப்பு 1974ல இருந்து இப்பிடியான ஆக்களின்ர கதையை கேட்டுக்கொண்டிருக்கு, தீர்ப்பு சொல்ல மாட்டினம். டொக்டர் குளிசை தந்தா போடுங்கோ, ஜெபத்தையும் விட வேணாம், நீங்களா இடையில நிப்பாட்டாம டொக்டரை கேட்டு நிப்பாட்டுங்கோ.